வண்டியைத் தொடாமல் கற்றுக்கொடுத்தவர்கள்

நான் இரண்டு தடவை டிரைவிங் டெஸ்டில் தோற்றவள். முதல் தடவை எட்டு போடும்போது பாதியில் காலை ஊன்றிவிட்டேன். இரண்டாம் தடவை எட்டின் முதல் வளைவிலேயே ஸ்கூட்டர் திரும்ப மறுத்து நேராகப் போய், அடுத்து டெஸ்டுக்காக நின்றவர்களின் வரிசைக்குள் புகுந்தது. யாருக்கும் அடி இல்லை. வரிசைதான் கலைந்தது. "நல்லா பழகிட்டு வாங்கம்மா, அவசரமே இல்ல" என்று இன்ஸ்பெக்டர் என் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது. வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சியில். அந்தச் சமயம் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடிவிட்டார்கள். பஸ், கார் எதற்கும் வழி கிடையாது. இரண்டு சக்கர வண்டிகள் மட்டும் போய் வரலாம். பத்து நிமிஷத்தில் ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்த பஸ் இப்போது நெடுஞ்சாலை வழியாக ஊரையே பிரதட்சிணம் செய்துவிட்டு வந்து சேர்ந்தது. தினமும் தாமதம், தினமும் ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

என் கணவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். பொறுமைசாலி என்று இரண்டு பக்கத்து உறவினர்களிடமும் பெயரெடுத்தவர். எனக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததும் அந்தப் பெயர் சித்திரை வீதியில் ஒரே காலையில் போய்விட்டது. "பிரேக்கு! பிரேக்கு!" என்று அவர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவர, நான் நேராகப் போய், ஓரத்தில் துளசி மாலை கட்டி விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் கூடையில் ஏற்றினேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கூடையைத்தான் பார்த்தார். "பெருமாளுக்குப் போறதும்மா இது. என் மேல ஏத்தியிருந்தாக்கூட பரவாயில்ல" என்றார். அதற்குப் பிறகு அந்த வீதிப் பக்கம் வண்டியோடு போகக் கூச்சமாகிவிட்டது.

கணவர் வேறு வழி சொன்னார். "காலையில நான் ஓட்டிக்கிட்டு வந்து உன்னையும் வண்டியையும் உங்க ஹோம்லயே விட்டுடறேன். அங்கேருந்து எனக்கு நடக்கிற தூரம்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உள்ள இருக்கிற மைதானத்துல நீயே ஓட்டிப் பழகு. அங்க துளசி விக்கிறவங்க யாரும் இல்ல."

துளசி விற்பவர்கள் இல்லைதான். வண்டி திருடியவர்கள் இருந்தார்கள்.

ஏதாவது தப்புச் செய்து பிடிபட்ட, பதினெட்டு வயது நிரம்பாத பையன்களை வழக்கு முடியும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. அங்கே நான் ஆற்றுப்படுத்துநர். அரசாங்கத் தமிழில் அதுதான் பெயர். பையன்களுக்கு அது வாயில் நுழையாது. 'பேசுற மேடம்' என்பார்கள். பேசுவதுதான் வேலை. அதைவிட, அவர்களைப் பேசவைப்பது. அப்போது இருந்த பதினேழு பேரில் ஐந்து பேர் வண்டித் திருட்டு.

அந்த ஐந்தில் ஒருவன் வந்து மூன்று வாரமாகியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டியம் பக்கத்துக் கிராமம். பதினாறு வயது, கால் மட்டும் தனியாக வளர்ந்ததுபோல நெடுநெடு உயரம். தினமும் என் அறைக்கு வருவான், நாற்காலி நுனியில் உட்காருவான், மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்ப்பான். படித்த வித்தை எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். படம் வரையச் சொன்னேன், கேரம் ஆடக் கூப்பிட்டேன், நானும் பேசாமல் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் போட்டியில் அவன்தான் ஜெயித்தான். அரை மணி ஆனதும் எழுந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவான்.

முதல் நாள் மத்தியானம் சாவியைப் போட்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். இறங்கி, சும்மா பார்த்தேன். வண்டி பற்றித் தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதுபோல டயரை ஒரு உதை உதைத்தேன். ஏறி மறுபடி அமுக்கினேன். சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பதினேழு முகம். ஒரு சத்தமும் இல்லாத அந்த நேரத்தில், தாங்கவே முடியாமல் ஒரு குரல் வெடித்தது:

"மேடம்! சைடு ஸ்டாண்டை எடுங்க மேடம்! ஸ்டாண்டு போட்டிருந்தா அந்த வண்டி ஸ்டார்ட்டே ஆகாது!"

அவன்தான். மூன்று வாரத்தில் அவன் பேசிய முதல் பேச்சு. பேசிவிட்டு அவனே பயந்துபோய்க் கையால் வாயை மூடிக்கொண்டான். பக்கத்திலிருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். நான் ஸ்டாண்டை எடுத்தேன், பட்டனை அமுக்கினேன், வண்டி உறுமியது. சந்தோஷத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டேன். வண்டி ஒரு தாவு தாவியது. மைதானத்தில் இருந்த இரண்டு வேப்பமரங்களில் ஒன்றில் போய் மெதுவாக முட்டி நின்றேன். ஜன்னலில் ஒரே ஆரவாரம்.

அன்று சாயங்காலமே கண்காணிப்பாளரிடம் போனேன். எங்கள் கண்காணிப்பாளர் ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கியிருந்த மனிதர். தடித்த மீசை, இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் விசில். பையன்களுக்கு அந்த விசில் என்றால் நடுக்கம்.

"சார், பசங்க எனக்கு ஸ்கூட்டர் சொல்லித்தரட்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, வண்டி திருடிட்டு வந்த பசங்க. அவங்க கையில வண்டிச் சாவியா?"

"சாவி என் கையிலதான் சார் இருக்கும். ஓட்டப்போறதும் நான்தான். அவங்க வாயால சொன்னாப் போதும். மூணு வாரமா வாயைத் திறக்காதவன் இன்னிக்கு நாலு வரி பேசியிருக்கான் சார்."

அவர் வெகுநேரம் மீசையைத் தடவினார். பிறகு அவரே எழுந்து வெளியே வந்து, சுண்ணாம்புப் பொடியால் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "பசங்க இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. வண்டியை ஒரு விரலால கூடத் தொடக் கூடாது. தொட்டா அன்னியோட பள்ளிக்கூடம் மூடியாச்சு. விசிலோட நான் இங்கயே நிப்பேன்."

அப்படி ஆரம்பித்தது என் மூன்றாவது பயிற்சி. தினமும் மத்தியானம் அரை மணி நேரம். கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினேழு வாத்தியார்கள், இந்தப் பக்கம் நான் ஒரே மாணவி. ஒருவன் "முறுக்காதீங்க" என்பான், இன்னொருவன் "முறுக்குங்க" என்பான். "இடது பிரேக்கு!" "அய்யோ, ரெண்டையும் பிடிங்க!" "கால்! கால்! காலை உள்ள வைங்க!" நான் எல்லோருக்கும் கட்டுப்பட்டு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்து, வண்டியோடு சாய்ந்து விழுவேன். விழுந்தால் ஓடிவந்து தூக்கவும் அவர்களுக்கு அனுமதியில்லை. கோட்டில் கால் விரலை வைத்துக்கொண்டு தவிப்பார்கள். "மேடம், வண்டியை முதுகைக் கொடுத்துத் தூக்குங்க, கையால தூக்காதீங்க" என்று அங்கிருந்தே கத்துவார்கள்.

நான்காம் நாள் அவன் மற்றவர்களை அடக்கினான். "டேய், எல்லாரும் கத்தினா மேடம் யாரு பேச்சைக் கேப்பாங்க? ஒருத்தன் பேசுங்கடா." யார் அந்த ஒருத்தன் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. எவர்சில்வர் தட்டு ஒன்றை ஹேண்டில்பார்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் எட்டு வடிவத்தில் நடந்து காட்டினான். வளைவு வந்ததும் தட்டு சாயும், கூடவே அவன் உடம்பும் சாயும், வாயால் இன்ஜின் சத்தம் வேறு. அவன் பின்னாலேயே மற்றவர்களும் தட்டோடு சேர்ந்துகொண்டார்கள். பதினேழு பேர் பதினேழு தட்டோடு "டுர்ர்ர்" என்று மைதானத்தில் எட்டு போட்டதைப் பார்த்து, சமையல்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "என் தட்டையெல்லாம் நசுக்கிராதீங்கடா பாவிகளா" என்று சத்தம் போட்டார்.

"நீங்க மரத்தையே முறைச்சுப் பாக்குறீங்க மேடம்" என்று என் நோயைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். "அதான் வண்டி மரத்துக்கிட்டயே போகுது. மரம் எங்கயும் ஓடிப்போகாது. அடுத்து எந்தப் பக்கம் திரும்பணுமோ அங்க பாருங்க."

பார்த்தேன். திரும்பியது. இரண்டு வேப்பமரங்களையும் சுற்றி ஒரு முழு எட்டு, கால் ஊன்றாமல். நான் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. முப்பத்தெட்டு வயசுப் பெண்பிள்ளை, எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள், மைதானத்தில் ஹாரனை அடித்துக்கொண்டு, "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று சுற்றிச் சுற்றி வந்தேன். நிறுத்தத் தோன்றவில்லை.

கண்காணிப்பாளரால் எத்தனை நாள்தான் விசிலோடு சும்மா நிற்க முடியும்? இரண்டாம் வாரம் அவரும் வாத்தியாராகிவிட்டார். அந்தக் காலத்தில் புல்லட் ஓட்டியவர். பையன்கள் சொல்வது ஒன்றும் சரியில்லை, எட்டு போடும்போது முட்டியால் வண்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார். "சார், இது ஸ்கூட்டர் சார், முட்டிக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல சார்" என்றான் நம் பையன். வாக்குவாதம் முற்றி, "தள்ளும்மா, நான் காட்டுறேன்" என்று என்னை இறக்கிவிட்டு ஏறினார். முதல் வளைவு பிரமாதம். இரண்டாம் வளைவில் பழக்க தோஷத்தில் இல்லாத கியரைத் தேடிக் காலை உதைத்தார். கால் தரையில் பட, வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக, எருமை தண்ணீரில் இறங்குவதுபோல நிதானமாக மண்ணில் சாய்ந்தார்கள்.

பதினேழு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கண்காணிப்பாளர் மண்ணில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "எவனாவது சிரிச்சீங்க…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவர் வயிறுதான் முதலில் குலுங்கியது. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் சிரித்துச் சிரித்து விலா வலித்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன். வாசலில் காவலுக்கு இருந்தவர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்.

அந்த வாரம் அவன் என் அறையில் மின்விசிறியைப் பார்க்கவில்லை. தானாகப் பேசினான். முதல் வண்டியை எடுத்தது எப்படி என்று நான் கேட்காமலே சொன்னான்.

"சாவியோட நின்னுச்சு மேடம். எங்க பெரியப்பா வண்டியில பழகினதுதான், ரோட்டுல ஓட்ட விடமாட்டாரு. ஒரு ரவுண்டுன்னு எடுத்தேன். முக்கொம்பு வரைக்கும் போயிட்டேன். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால், காத்து அப்பிடி அடிக்குது. நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டே போறேன். திரும்பி வரும்போது பாதி வழியில பெட்ரோல் தீந்துபோச்சு. தள்ளிக்கிட்டே வந்தேன். வந்து, துடைச்சு, எடுத்த இடத்துலயே வச்சேன். அதை ரெண்டு அண்ணன்மாருங்க பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. 'வா, தினமும் ஓட்டலாம்'னாங்க."

அவன் சொன்ன விதத்தில் நான் சிரித்துவிட்டேன். பெட்ரோல் தீர்ந்த வண்டியை அந்த நெட்டைக் கால்களோடு தள்ளிக்கொண்டு வருகிற திருடன் என் கண் முன்னால் வந்துவிட்டான். அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் எனக்கு உறுத்தியது. முதல் வண்டி திரும்பி வந்தது. அந்த அண்ணன்மார்களோடு எடுத்த மற்ற இரண்டும் திரும்பவில்லை. அவற்றைப் போலீஸ்தான் கண்டுபிடித்தது. நானோ உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உபதேசம் எதுவும் வாயில் வரவில்லை. நானே பஸ்ஸுக்கு நின்று நின்று நொந்த காலம் அது. அதனால் தோன்றியதைக் கேட்டேன். "அந்த வண்டிக்காரங்க அன்னிக்கு எப்படி வீட்டுக்குப் போயிருப்பாங்க?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "தெரியல மேடம்" என்றான். "நான் நெனைச்சதே இல்ல." இரண்டு நாள் கழித்து மைதானத்தில், எட்டுக்கு நடுவில், கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று கேட்டான்: "அவங்க எப்பிடிப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" எனக்கும் தெரியாது என்றேன். "கேக்க முடியுமா?" என்றான்.

இதற்கிடையில் டெஸ்ட் நாள் வந்தது. காலையில் என் கணவரைவிடப் பையன்கள் அதிகப் பதற்றத்தோடு இருந்தார்கள். சமையல்கார அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அதே இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததும், வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். நான் ஏறினேன். ஸ்டாண்டை எடுத்தேன். "அடுத்த திருப்பம், அடுத்த திருப்பம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு எட்டு. அவர் போதும் என்று கையைக் காட்டினார். எனக்குப் போதவில்லை. இன்னொரு எட்டு போட்டேன். "அம்மா, பாஸ், பாஸ்! இறங்குங்க!" என்று அவர் கத்த வேண்டியதாயிற்று.

இல்லத்து வாசலில் காவலர் கதவைத் திறந்ததும் நேராக மைதானத்துக்குள் விட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட நினைத்தேன். ஹேண்டிலை விடப் பயமாக இருந்ததால் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினேன். அது போதுமாக இருந்தது. பதினேழு பேரும் கோட்டைத் தாண்டி ஓடிவந்தார்கள். ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினார்கள். தட்டுகள் பறந்தன. கண்காணிப்பாளர் விசிலை வாயில் வைத்தார். ஊதினார். ஆனால் அது திருவிழாவில் ஊதுகிற மாதிரி, தாளத்தோடு வந்தது. அத்தனை கூத்திலும் ஒருவனும் வண்டியைத் தொடவில்லை என்பதை நான் அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன்.

அவன் கேட்டதை நான் மறக்கவில்லை. வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்திடம் அனுமதி வாங்கி, வண்டிக்காரர்கள் இருவருக்கும் சொல்லியனுப்பினேன். ஒருவர் வர மறுத்துவிட்டார். அது அவர் உரிமை. இன்னொருவர் வந்தார். சமயபுரம் கோயில் பக்கத்தில் தேங்காய், கற்பூரம், வேப்பிலை வைத்து அர்ச்சனைத் தட்டு விற்கும் கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும். போலீஸ் திருப்பித் தந்த அதே பைக்கில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்தபோது, கூப்பிட்டது தப்போ என்று தோன்றியது.

பையன் எழுந்து நின்று கும்பிட்டான். "சார்… அன்னிக்கு… நீங்க எப்பிடி வீட்டுக்குப் போனீங்க?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "எப்படிப் போனேனா? நடந்து போனேன்டா!" என்று ஆரம்பித்தார். "பர்ஸு, போனு ரெண்டும் வண்டிப் பெட்டிக்குள்ள. கையில திருச்சியில கடைக்கு வாங்கின கற்பூர மூட்டை. நானும் எத்தனையோ வருஷமா நடந்து வர்ற பக்தருங்களுக்குத்தான் வியாபாரம் பண்றேன், ஒரு நாள் நடந்ததில்ல. அன்னிக்கு நடந்தேன். சுத்தி மஞ்சப் புடவை, மஞ்ச வேட்டியா ஒரு பெரிய கூட்டம். நடுவுல பேன்ட்டு சட்டையோட மூட்டையைத் தூக்கிக்கிட்டு நான் ஒருத்தன். கொள்ளிடப் பாலத்துல ஒரு ஆளு நீர்மோர் குடுத்துட்டு, 'என்னங்க வேண்டுதல்?'னு கேக்குறாரு. 'வண்டி காணாமப் போன வேண்டுதல்'னேன்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. கண்காணிப்பாளர் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குப் போனா என் பொண்ணு வாசல்லயே உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு" என்றார் அவர், குரல் இறங்கி. "போன் அடிச்சு அடிச்சுப் பாத்திருக்காங்க, எடுக்கல. அப்பா எங்கயோ அடிபட்டுக் கிடக்காருன்னே முடிவு பண்ணிட்டாங்க. கால் கொப்புளம் ஒரு வாரத்துல ஆறிருச்சு. அந்தப் பயம் இன்னும் என் பொண்ணு மனசுல இருக்கு. நான் பத்து நிமிஷம் லேட்டானா இன்னிக்கும் தெருமுனைக்கு வந்து நிக்குது."

பையன் நெடுநேரம் அழுதான். மன்னிப்பு என்ற சொல்லை அழுகைக்கு நடுவில் இரண்டு மூன்று தடவை சொன்னான். கடைக்காரர் அவனை அணைக்கவெல்லாம் இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரி, அழுவாத. எம் பொண்ணுகிட்ட நீ இப்படிக் கேட்டேன்னு சொல்றேன்" என்று எழுந்தார்.

வெளியே வந்து பைக்கை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். அழுது வீங்கிய முகத்தோடு வராந்தாவில் நின்ற பையன் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டான். "சார், அது பிளக்கு. கரி பிடிச்சிருக்கும்."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அவர் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். "என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றார் கடைசியில். "வண்டி அவரோடது. அவரு சொன்னா சரி."

"வந்து பாரு தம்பி" என்றார் கடைக்காரர்.

அவன் மண்டி போட்டு உட்கார்ந்து, வண்டிப் பெட்டியிலிருந்த ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினான். "இப்ப உதைங்க சார்." ஒரே உதையில் கிளம்பியது. பையன்கள் ஜன்னலிலிருந்து போட்ட சத்தத்தைக் கேட்டுக் கடைக்காரர் முதலில் பயந்தார், அப்புறம் முதல்முறையாக நன்றாகவே சிரித்தார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, "எல்லாருக்கும் குடுங்கம்மா, அவனுக்கும்" என்றார்.

வழக்கு விசாரணை நாளன்று இன்னொரு கூத்து. பையனை வேனில் முன்னாலேயே அனுப்பியாயிற்று. அவன் அம்மா ஊரிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. ஒன்பதரை மணிக்குக் கண்காணிப்பாளர் அறையிலிருந்து ஒரு அலறல். அவனைப் பற்றி நாங்கள் எழுதிய அறிக்கை, கையெழுத்து போட்டபடி, மேஜை மேலேயே கிடந்தது. பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை.

"சார், ஏறுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், அறிக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எனக்கு ரெண்டு பேத்தி இருக்கு" என்றார். ஏறினார்.

அந்தப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. பின்னால் அவர் விடாமல் ஒலிபரப்பிக்கொண்டு வந்தார். "ஸ்பீடு பிரேக்கர்! மாடு! இடது பக்கம் பஸ்ஸு! சிக்னல்மா, சிக்னல்!" ஒரு வளைவில் பயத்தில் விசிலையே ஊதிவிட்டார். முன்னால் போன நான்கு வண்டிகள் போலீஸ் என்று நினைத்து ஓரம் கட்டி எங்களுக்கு வழி விட்டன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதம்மா, ரோட்டைப் பாரு" என்றார். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரே வேண்டுமென்று இன்னொரு தடவை ஊதினார். பத்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது போய் இறங்கினோம். வராந்தாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், காற்றில் தலைமுடி நட்டுக்கொண்டு என் பின்னாலிருந்து இறங்கிய கண்காணிப்பாளரைப் பார்த்ததும், பயம் எல்லாம் மறந்து வாய் கொள்ளாமல் சிரித்தான்.

குழுமத்து நீதிபதி அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். கடைக்காரர் வந்து போனதைப் பற்றி அவனிடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். அவன் தடுமாறினாலும் பதில் சொன்னான். அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம், ஒரு வருஷம் நன்னடத்தை அலுவலர் வந்து பார்ப்பார், ஐ.டி.ஐ.யில் சேர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அம்மாவுக்கு அந்த வார்த்தைகள் புரியவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்மா" என்று நான் சொன்னதும், அந்த நெட்டைப் பையனின் காதைப் பிடித்து இழுத்துக் கீழே குனியவைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

எங்கள் வேலையில் எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அந்தப் பதினேழு பேரில் இருவர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள். ஒருவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. அவர்களைப் பற்றியும் எழுத வேண்டும்; அதை எழுத எனக்கு வேறு மனநிலை வேண்டும்.

இவன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேர்ந்தான். சேர்ந்த மாதம் அவன் அம்மா ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். தலையில் சும்மாடு, அதன் மேல் ஒரு முழு வாழைத்தார். தொட்டியத்திலிருந்து பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தாராம். "எங்க கொல்லையில வெட்டினதும்மா. புள்ளைங்க சாப்பிடட்டும்" என்றார். வெளிச்சாப்பாடு உள்ளே வரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. கண்காணிப்பாளர் தாரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, கண்ணை மூடிச் சாப்பிட்டார். "பரிசோதனை ஆச்சு. நல்லாத்தான் இருக்கு" என்று அறிவித்துவிட்டு, இரண்டாவதையும் பரிசோதித்தார்.

தாரைச் சாப்பாட்டுக் கூடத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். அப்போதிருந்த பையன்களில் பாதிப்பேருக்கு அவனைத் தெரியவே தெரியாது. அதனால் ஒன்றும் குறையவில்லை. அரை மணி நேரத்தில் வெறும் தண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் ஒருவனும் சோற்றைத் தொடவில்லை என்று சமையல்கார அம்மா சாயங்காலம்வரை யாரோடும் பேசவில்லை.